எனக்கென்று வைத்த கிண்ணம்

லூமி என்கிற கடல்பாசியை மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும். இரண்டே போதும் என்பவர்கள் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன். பல்லில் மணல் நெறுநெறுக்கும், நன்றாயிருக்கிறது என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு எழுந்து வருவேன். முதல் தண்ணீரில் மணல் போகும். இரண்டாவதில் சங்குத் துணுக்கும் பொடி நண்டும் போகும். மூன்றாவதில் போவது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும் தட்டுப்படுகிற வழுவழுப்பு. அப்புறம் தேங்காய்ப்பாலில் போட்டுக் கொதிக்கவிட்டால் பாசி கரைந்து, ஆறியதும் கட்டியாக உறைந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அது இல்லாமல் தீராது.

நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறீர்கள். எழுதுகிறேன். பெயர் சாக்கேயாசி, வயது ஐம்பத்தொன்பது. சுவா நகரில் ஒரு கல்லூரியில், கடல்பாசிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அறை என் பொறுப்பு. முப்பத்தொரு வருஷத்தில் பன்னிரண்டாயிரம் தாள் ஒட்டியிருக்கிறேன். ஒன்றைக்கூடப் பூச்சி அரித்ததில்லை.

சிவப்புப் பாசியைப் பற்றிக் கொஞ்சம் எழுதியாக வேண்டும். அலுப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வழக்கே அதில்தான் இருக்கிறது. நூறு கோடி வருஷத்துக்கும் முன்னால் கடலில் ஒரு செல் இன்னொரு சின்ன செல்லை விழுங்கியது. விழுங்கப்பட்டது நீலப்பச்சை நுண்ணுயிர், வெயிலைக் கொண்டு தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும் இனம். விழுங்கியது அதைச் செரிக்கவில்லை. வயிற்றுக்குள்ளேயே வைத்துச் சமைக்க விட்டது. பசுங்கணிகம் என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அது அந்த விருந்தாளியின் வாரிசுதான். விருந்தாளியின் மரபணுக்களை வீட்டுக்காரன் ஒவ்வொன்றாகத் தன் பெட்டிக்கு மாற்றிக்கொண்டான், பலவற்றை வெளியே எறிந்தான். ஆயிரக்கணக்கில் இருந்ததில் மரஞ்செடிகள் நூறு சொச்சத்தைத்தான் அதனிடம் விட்டுவைத்தன. சிவப்புப் பாசி இருநூறுக்கு மேல் விட்டுவைத்திருக்கிறது. திருடர்களுக்குள் அது கொஞ்சம் நாணயமானது.

விழுங்கப்படாமல் தப்பித்த உறவுக்காரர்களும் கடலில் இருக்கிறார்கள். தண்ணீர் சூடேறும் மாதங்களில் லூமியின் மேல் கருத்த முடிபோலப் படர்வார்கள். பெரும்பாலும் தீங்கில்லை. சில வகை மட்டும் நஞ்சு. உள்ளே இருப்பவன் சோறு போடுகிறான், வெளியே ஒட்டியிருப்பவன் ஆளைக் கொல்கிறான், இரண்டு பேரும் ஒரே வம்சம். இதை உனாய்சிதான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

உனாய்சி எங்கள் துறைத் தலைவி. நான் வேலையில் சேர்ந்த அதே திங்கட்கிழமை அவளும் சேர்ந்தாள். அவள் நியூசிலாந்து போய் டாக்டர் பட்டத்தோடு திரும்பினாள், நான் என் அறையிலேயே இருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் எனக்குத் தௌவு. உங்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் நீதிபதி வெளிநாட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம். அவருக்காக எழுதுகிறேன்: என் தீவின் பழைய தெய்வமும் அவள் ஊரின் பழைய தெய்வமும் உடன்பிறந்தவை. அதனால் இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசலாம். ஒருவர் பொருளை மற்றவர் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவன் சிரிக்க வேண்டும். கோபப்பட்டால் கேவலம் அவனுக்குத்தான்.

அவள் என்னிடம் எடுத்த குடைகள் மட்டும் ஆறு. என் தங்கை கல்யாணத்துக்கு வளர்த்த பன்றியை ஓட்டிக்கொண்டு போய்த் தன் மாமனாரின் விருந்துக்கு வெட்டினாள். நானும் சும்மா இருக்கவில்லை. அவளுடைய புதுக் கண்ணாடியை எடுத்து ஒரு மாதம் போட்டுக்கொண்டு அலைந்தேன், தலைவலி வந்தும் கழற்றவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் தீவின் வெளிப்பாறை விளிம்பில், வெயில் படாத பொந்துக்குள் ஒரு சிவப்புப் பாசியைக் கண்டேன். உள்ளங்கை அகலம், கசக்கி விரித்த காகிதம் மாதிரி. அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உருப்பெருக்கியில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"தௌவு, இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல," என்றாள்.

"இல்லாட்டி எழுது. அதுக்குத்தானே உன்னைக் கப்பலேத்தி அனுப்பினாங்க."

"எழுதறேன். நீ போய் மிச்சத்தைக் கொண்டா. உன் மூஞ்சியப் பாத்துப் பயந்து அதுங்க ஓடாம இருந்தா சரி."

மிச்சம் என்று அவள் சொன்னது பெரிய வேலை. சிவப்புப் பாசிக்கு ஒரே வாழ்க்கையில் மூன்று உடம்பு: ஆண், பெண், இரண்டுமில்லாமல் வித்து மட்டும் சுமக்கிற ஒன்று. மூன்றையும் பார்க்காமல் புது இனம் என்று அவள் அறிவிக்க மாட்டாள். முதலில் கண்டது முற்றாத இளசு, எதிலும் சேராது. ஆண் இரண்டாம் வருஷம் கிடைத்தது. பெண்ணுக்கு ஏழு வருஷமானது. மூன்றாவதைப் போன வருஷம் ஆகஸ்டில் கண்டேன், முழங்கையைப் பாறை கிழித்து ஒன்பது தையல் போட்டார்கள். ஒவ்வொன்றையும் கண்டவன் நான்.

என் மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். பிள்ளைகள் இல்லை. அந்தப் பாசியைப் பற்றி அவள் எழுதும் கட்டுரையில் ஆசிரியர் வரிசையில் என் பெயரும் வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. நான் போன பிறகு எங்காவது என் பெயர் இருக்கட்டுமே என்று நினைத்தேன். இதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

மார்ச் மாதம் ஒரு காலையில், அவள் அறையிலிருந்து சர்க்கரை எடுக்கப் போனேன். மேஜையில் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்கள் கையெழுத்துப் போடும் தாள் கிடந்தது. இரண்டு பெயர்கள். ஒன்று அவள், இன்னொன்று மரபணுவைப் படித்துச் சொன்ன நியூசிலாந்துக்காரர். அந்த மனுஷன் எங்கள் பாறையில் கால் நனைத்தது கிடையாது.

தேநீர் வேளையில் எல்லார் முன்னாலும் கேட்டேன், விளையாட்டாகத்தான் கேட்டேன். "தௌவு, அந்தத் தாள்ல என் பேர் எங்க?"

அவள் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாள்: "உன் பேரா? நான் தின்னுட்டேன். வயித்துக்குள்ள பத்திரமா இருக்கு, போ."

எல்லாரும் சிரித்தார்கள். "தௌவுகிட்ட மாட்டினா அவ்வளவுதான் சாக்கேயாசி, பன்றி போச்சு, இப்பப் பேரும் போச்சு," என்றாள் எங்கள் எழுத்தர் மெரெலிட்டா. நானும் சிரித்தேன். வழக்கம் அப்படி. வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. குடையும் பன்றியும் எடுத்த அதே கையால் என் பதினொரு வருஷத்தையும் எடுத்துக்கொண்டாள், நான் அதற்கும் பல்லைக் காட்ட வேண்டியிருந்தது. பாசிகூட விருந்தாளியிடம் இருநூறை விட்டுவைத்தது.

கரையோரத் தண்ணீரை வாரம் ஒருமுறை பார்ப்பதும் என் வேலைதான். பிப்ரவரியில் ஒரு விரிகுடாவில் லூமி முழுக்கக் கருத்துப் படர்ந்திருந்தது. அங்கே எடுத்துச் சாப்பிட்ட ஒரு வீட்டில் நான்கு பேர் படுத்தார்கள், ஒருவர் எழுந்திருக்கவில்லை. 'இங்கே லூமி எடுக்கக் கூடாது' என்று பலகை எழுதி நட்டவன் நான். எழுத்து நன்றாயிருக்கிறது என்று அந்த ஊர்த் தலைவர் பாராட்டினார். ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை அந்தப் பலகையைத் தாண்டிப் போய் ஒரு கைப்பிடி எடுத்துவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் விருந்து. பெரிய பாத்திரம் நிறைய லூமி கொண்டுபோனேன். அது என் தங்கை ஊரில் எடுத்த நல்ல லூமி, மூன்று தண்ணீரில் கழுவியது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன், நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை. இன்னொன்றை, கழுவாததை, மூடிபோட்ட சின்னக் கிண்ணத்தில் தனியாக உறையவைத்துப் பாயில் என் முழங்காலருகே வைத்துக்கொண்டேன்.

"இது எனக்கு. யாரும் தொடாதீங்க," என்றேன்.

நான் அவளுக்குப் பரிமாறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு என்று சொன்னேன். அவள் எட்டி எடுத்துவிட்டாள்.

"பாத்தீங்களா, கஞ்சன் ஒளிச்சு வெச்சுத் திங்கிறான். தௌவு இருக்கிற வீட்டுல உனக்குன்னு ஒண்ணு உண்டா?" என்று அவள் மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே சாப்பிட்டாள். விரலால் வழித்துக் காலி செய்துவிட்டு, "உப்பு கம்மி, உன் புத்தி மாதிரி," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு தானாக வந்தது.

மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரியில் இருப்பதாக அவள் கணவன் இனோக்கே போன் செய்தான். போனேன். மருத்துவர் முதலில் லூமியைத்தான் சந்தேகப்பட்டார். "எல்லாருமே தின்னோம், டாக்டர். இவன்தான் கொண்டுவந்தான், இவனும் தின்னான். கல்லு மாதிரி நிக்கிறான் பாருங்க," என்றான் இனோக்கே. அப்படியானால் விருந்தில் அவள் தின்ற மீனில் நஞ்சு இருந்திருக்கும் என்று மருத்துவர் அதற்கான மருந்தைத் தொடங்கினார்.

பத்து மணிவாக்கில் இனோக்கே என்னை வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் ஓர் உறையைக் கொடுத்தான். "உன் அறுபதுக்குக் குடுக்கணும்னு பூட்டி வெச்சிருந்தா. இப்பவே குடுத்துடுங்கறா. பயந்துட்டா போல."

உள்ளே அச்சுக்குப் போகும் முன் திருத்தம் பார்க்கிற தாள்கள். புது இனத்தின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அது என் பெயர், லத்தீன் வால் ஒட்டியது. கீழே ஒரு பத்தி: இதைக் கண்டவர் இன்னார், பதினொரு வருஷம் தேடியவர், இவரில்லாமல் இது இல்லை.

"ஆசிரியர் வரிசையில நீயும் இருந்தா உன் பேரை வெக்க முடியாதாமே? தனக்குத்தானே பேர் வெச்சுக்கிட்ட மாதிரி அசிங்கமாயிடுமாம். அதனாலதான் உன்னை எடுத்துட்டா. ராத்திரி பகலா உன் முழி எப்படிப் போகும்னு பேசிச் சிரிப்பா," என்றான் இனோக்கே.

அவன் மீன்பிடிக்கிறவன், அவனுக்கு இதை யாரோ சொல்ல வேண்டியிருந்தது. எனக்குச் சொல்லத் தேவையே இல்லை. பன்னிரண்டாயிரம் தாளில் மனிதர்களின் பெயர் தாங்கிய பாசிகள் எத்தனையோ ஒட்டியிருக்கிறேன். தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. யாருக்கு மரியாதை செய்கிறார்களோ அவரை வரிசையிலிருந்து நீக்கிவிட்டுத்தான் செய்வார்கள். மற்றவர்களுக்கு நடந்தபோதெல்லாம் அது எனக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே போனேன். அவளுக்கு நினைவு இருந்தது. உதடு வெடித்திருந்தது. "பாத்தியா தௌவு? தின்னதுல உன் பேர் ஒண்ணுதான் செரிக்கல," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "திருத்தம் மூணு நாள்ல போகணும். நீயே பாத்து அனுப்பிடு," என்றாள். அனுப்புகிறேன் என்றேன்.

வாசலில் மருத்துவர் மறுபடி கேட்டார், அவள் மட்டும் சாப்பிட்டது ஏதாவது உண்டா என்று. மீனைத் தவிர ஒன்றும் நினைவில்லை என்றேன்.

சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்பீர்கள். பிப்ரவரியில் நான்கில் மூன்று பேரைப் பிழைக்கவைத்தார்கள். ஆனால் பிழைத்தால் அவளுக்கு விஷயம் தெரிந்துவிடும். தௌவு எதையும் மன்னிப்பாள்தான், இதை மன்னிப்பாளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அச்சாகாத பெயரை ஒரு கோடு கிழித்து அடித்துவிடலாம். அன்று மாலை என் அறையில் உட்கார்ந்து தாள்களைப் பார்த்தேன். இரண்டு காற்புள்ளிகள் தவறியிருந்தன, திருத்தி அனுப்பினேன். செவ்வாய் மத்தியானம் அவள் இறந்தாள். மீன் நஞ்சு என்று எழுதினார்கள். அடக்கத்துக்கு வழக்கப்படி எங்கள் தீவிலிருந்து இருபது பாய் கொண்டுபோனேன். தேவாலயத்தில் என் குரல்தான் ஓங்கிக் கேட்டது என்றார்கள்.

அவள் எனக்குச் செய்தது துரோகம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். மார்ச் மாதமே ஒரு வார்த்தை காதோடு சொல்லியிருந்தால் நான் ஏன் அந்த விரிகுடாவுக்குப் போகப்போகிறேன். விளையாட்டுக்கும் ஓர் அளவு வேண்டும்.

யாரும் சந்தேகப்படாதபோது ஐந்து மாதம் கழித்து நீங்களாக ஏன் வந்தீர்கள் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளப் போகிறீர்கள் போலிருக்கிறது, அப்படி எழுத வேண்டாம். போன வெள்ளிக்கிழமை அந்தக் கட்டுரையோடு இதழ் வெளிவந்துவிட்டது. முறைப்படி வெளியான பெயரை, அதற்குரியவன் யாராக இருந்தாலும், என்ன செய்திருந்தாலும், அதற்காக மாற்றுகிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. சனியும் ஞாயிறும் இந்த விசாரணை அலுவலகம் மூடியிருந்தது, அதனால் இன்று வந்தேன்.