அடித்த வரிகள்

– இன்னைக்கும் வந்திருக்கு பாரு, அந்த 'வழிப்போக்கன்' எழுதினது.

– சட்டையில பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க. பத்து மணிக்கு எடிட்டரைப் பார்க்கணும்னீங்களே?

– இதுக்குத்தான் போறேன். எங்க பேப்பர்ல என் பத்தி வர்ற அதே ஞாயித்துக்கிழமை, எதிர்ப் பேப்பர்ல இவன் எழுதறான். நான் எதை விட்டேனோ அதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி... போன வாரம் மார்க்கெட் கூரை. அதுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரி டெண்டர். ஏழு வாரமா இதே வேலை.

– யாரா இருக்கும்ங்கறீங்க?

– வேற யாரு? நம்ம பூதக்கண்ணாடிதான்.

– ப்ரூஃப் பார்க்கிறவரா? ஐயோ பாவம்... அவர் வாயில்லாப் பூச்சிங்க.

– பூச்சிதான் அரிக்கும். நீ டைப் அடிச்சதோட என் கையெழுத்துத் தாளும் அவன்கிட்டதானே போகுது, ஒத்துப் பார்க்க? நான் கோடு போட்டு அடிச்ச வரியெல்லாம் அவன் கண்ணுலதான் படும். புகார் எழுதிட்டேன். பையில இருக்கு.

– வேலை போயிடுமே அவருக்கு.

– போகட்டும். நகராட்சிக் கூட்டத்துல கடைசி பெஞ்சுல உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். டிவியில கூப்பிட்டுக் கருத்துக் கேட்க முப்பது வருஷம் ஆச்சு. நேத்து விவாதத்துல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே கேட்கறான்... 'அண்ணே, வழிப்போக்கன் எழுதறதையெல்லாம் நீங்க ஏன் எழுதறதில்லை?'ன்னு. மானம் போச்சு.

– ம்... நல்லாத்தான் எழுதறாரு போல.

– அதான் எரியுது. என் வாயிலேருந்து பிடுங்கின மாதிரியே எழுதறான்.

– இன்னைக்கு என்னவாம்? படிங்க, கேட்போம்.

– 'தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைத்த நகராட்சித் தலைவர், குழாயைத் திருகிப் பார்க்கவில்லை.' இது என் வரி. அப்படியே என் வரி.

– நல்ல வரியாச்சே. ஏன் அடிச்சீங்க?

– அது... இடம் பத்தலை.

– ஒரு வரிக்கா?

– வக்கீல் நோட்டீஸ், அது இதுன்னு... உனக்கு இதெல்லாம் புரியாது. என் கண்ணாடி எங்க?

– தலையில இருக்கு. ஏங்க, அந்த வரியை அடிக்க மட்டுமா செஞ்சீங்க?

– பின்னே?

– அந்தத் தாளையே கிழிச்சுக் கூடையில போட்டுட்டு, வேற தாள்ல புதுசா எழுதினீங்க. கிழிச்ச தாள் ஆபீஸ் பக்கமே போகலை.

– அப்போ அவனுக்கு எப்படிக் கிடைச்சுது?

– நம்ம வீட்டுக் குப்பையைக் கிளற பூதக்கண்ணாடியா வந்தாரு?

– கூடையைக் கொட்டறது யாரு?

– நான்தான்.

– அப்போ... நீயா?

– முதல்ல நான் கேட்கறதுக்குச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா மொட்டைமாடிக்குப் போய், போன்ல யாருக்கு வாசிச்சுக் காட்டறீங்க?

– பேச்சை மாத்தாதே.

– மாடியிலேருந்து இறங்கி வந்ததும்தான் வரிகளை அடிக்கறீங்க. எவளோ ஒருத்தின்னு நினைச்சேன் முதல்ல. படிக்கட்டுல நின்னு கேட்டேன். 'சரிங்க தலைவரே... எடுத்துடறேன் தலைவரே'ன்னீங்க. எவளாவதா இருந்திருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

– நான் பேசற டிவி அவரோட மச்சானுதுடி... என் நாற்காலி போயிடும்.

– தெரியும்.

– தெரிஞ்சுமா? கட்டின புருஷனுக்கு எதிரா எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

– நான் எங்க எழுதினேன்? ஒரு எழுத்துகூட என்னோடது இல்லை. நீங்க அடிச்சதை அப்படியே டைப் அடிச்சு அனுப்பினேன், அவ்வளவுதான். அந்தப் பாவப்பட்ட மனுஷன் மேல எழுதின புகாரைக் கிழிச்சுப் போடுங்க. அடுத்த வாரத்திலேருந்து வழிப்போக்கனோட நிஜப் பேரைப் போடணும்னு எதிர்ப் பேப்பர் எடிட்டர் கேட்டாரு... நேத்தே உங்க பேரைக் கொடுத்துட்டேன்.