துண்டுக்கடியில் பிடித்த கை

துண்டு வாங்கும்போது நிறத்தைப் பார்க்கக் கூடாதுங்க மேடம், கனத்தைப் பார்க்க வேண்டும். ஈரோட்டில் ஒரு துண்டு எடுப்பதற்குள் கடையையே கலைத்துவிடுவேன். ஒவ்வொன்றாக உதறிப் பார்ப்பேன். நல்ல துண்டு என்றால் பட்டென்று சத்தம் வரும். உங்கள் மேசைமேல் சீல் வைத்த பையில் கிடக்கிறதே, அது நல்ல துண்டு.

செங்கோடன் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். குதிரை மிரண்டு செத்தான் என்று எழுதி மூடியிருக்கலாம். என் வக்கீலுக்கும் அதுதான் ஆசை. நீங்கள் சத்தம் போடாமல், டீ வாங்கிக் கொடுத்துக் கேட்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

நான் குதிரைத் தரகன். அப்பாவுக்கும் அதே தொழில். அந்தியூர்ச் சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். எந்த விரலைப் பிடிக்கிறோம், எப்படி அமுக்குகிறோம் என்பதுதான் பேச்சு. சுற்றி ஊரே நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்கு மட்டும். இப்படிப் பிடித்துப் பிடித்து எனக்குக் கைகள் பாடமாகிவிட்டன. ஒருவன் கையைத் தொட்டால் போதும், வாங்க வந்தவனா, வேடிக்கை பார்க்க வந்தவனா என்று சொல்லிவிடுவேன். முகம் பொய் சொல்லும். கை சொல்லாது. சந்தையில் வெள்ளியங்கிரி என்ற பெயர் அதில்தான் நிற்கிறது.

போன ஆடியில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். அந்தக் காலத்துக் கொங்கு நாட்டில் இரும்புச் சட்டை போட்டுக் குதிரையேறி, தனியாளாகக் கோட்டையைக் காத்த வீரன் ஒருவனைப் பற்றிய படமாம். நம்மூர் வெயிலில் இரும்புச் சட்டை போட்டவனுக்கு எதிரி எதற்கு? வெந்தே செத்திருப்பான். அதைச் சொன்னேன். டைரக்டர் சிரிக்கவில்லை.

வீரனாக நடிக்கிறவன் வம்சி. பேரம் தானே பேச வேண்டும் என்று அடம்பிடித்தான். சரி, சின்னப் பையன் என்று துண்டைப் போட்டுக் கையைக் கொடுத்தேன். பாலில் ஊறிய ரொட்டியைப் பிடித்த மாதிரி இருந்தது. ஈரம், வழவழப்பு, உள்ளே எலும்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. தொழில் என்று பொறுத்துக்கொண்டு விரலைப் பிடித்தேன். அவன் சட்டென்று துண்டை உருவி எறிந்தான். எதிரில் போனைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள்.

"பாருங்க ஃப்ரெண்ட்ஸ், அங்கிள் எனக்கு ப்ரபோஸ் பண்றாரு!"

சந்தையே சிரித்தது. அவன் பையிலிருந்து சானிடைசர் எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, என் கையிலும் பிதுக்கினான். "நீங்களும் போட்டுக்குங்க அங்கிள்." ஆஸ்பத்திரி நாற்றமும் மல்லிகை நாற்றமும் கலந்த ஒன்று. சோப்புப் போட்டாலும் போகவில்லை. சோற்றில் கைவைத்தால் அதே வாசம். அதன்பிறகு கொஞ்ச நாள் கரண்டியில்தான் சாப்பிட்டேன்.

அப்புறம் எங்கே போனாலும், "ஏனுங்க மாப்பிள்ளை, கை எப்படி இருந்துச்சுங்க?" என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வியாபாரி சிரிக்காவிட்டால் விலை போய்விடும்.

அவனுக்கு ஒரு வெள்ளைக் குதிரையைக் கொடுப்பதாக இருந்தேன். சாது. அதை மாற்றிச் செவலையைக் கொடுத்தேன். செவலை பார்க்க ராஜா மாதிரி நிற்கும். ஆனால் முன்பு வைத்திருந்தவன் ஈரத் துணியால் முகத்திலேயே அடித்துப் பழக்கிய குதிரை அது. துணி உதறும் சத்தம் காதில் விழுந்தால் போதும், எதிரில் சுவர் இருந்தாலும் பாயும். விற்கும்போது குறையைச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

செங்கோடன் கேட்டான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சண்டைக் காட்சியில் மற்றவனுக்குப் பதிலாக விழுகிறவன். கோபிக்காரன். என்னைப் பார்த்ததும் கை கொடுத்தான். உள்ளங்கை கயிறு இழுத்துக் காய்த்துப்போயிருந்தது. சுண்டுவிரல் ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கூட்டத்திலேயே கை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

"ஏனுங்ணா, இந்தக் குதிரைக்கு ஏதாச்சும் கோளாறு இருக்குதுங்களா? இருந்தா சொல்லிப்போடுங்க. அடுத்த வாரம் எம் புள்ளைக்குக் காது குத்துறமுங்க."

"எங்கிட்டயே கேக்கறயா கண்ணு? தங்கமாட்டம் குதிரை."

"அப்ப சரிங்ணா. காது குத்துக்கு வந்துபோடோணும். கெடா வெட்டு."

வாரேன் என்றேன். அவன் ஏறப் போவதில்லையே, ஏறப் போகிறவன் வம்சி என்ற எண்ணத்தில்தான் அப்படிச் சொன்னேன்.

சரவணம்பட்டி தாண்டி ஒரு பொட்டல் காட்டில் கோட்டை போட்டிருந்தார்கள். பின்னால் ஐடி கட்டிடம் தெரியும். கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்வார்களாம். தெர்மாகோல் மதில், பசை வாடையடிக்கும் மீசைகள், வாளிவாளியாகச் சாயம் கலந்த சர்க்கரைப் பாகு. ரத்தமாம். ஈ மொய்த்துக் கிடந்தது. அதை மேலே பூசிக்கொண்டு பிணமாகப் படுத்திருந்தவர்கள் பிரியாணிக்குச் சண்டை போட்டார்கள். எனக்கு அங்கே தண்ணீர்கூட இறங்கவில்லை.

அன்றைக்குப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வம்சியே நிஜ இரும்புச் சட்டை போட்டு, தானே குதிரை ஓட்டப் போகிறான் என்று பேச்சு. கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அடித்த சட்டை. கனத்தில் சரிந்துவிடாமல் இருக்க இடுப்பைச் சேணத்தோடு சேர்த்து ஒரு வார் கட்ட வேண்டும். ஆபத்து என்றால் நுனியை இழுத்தவுடன் அவிழ்கிற முடிச்சு. கட்டுகிற வேலை எனக்கு.

கேரவனிலிருந்து தலைக்கவசம் மூடியபடியே வீரன் இறங்கி வந்தான். விசில் பறந்தது. என் தோளைப் பிடித்துக் குதிரைமேல் ஏறினான். வாரைக் கட்டினேன். இழுத்தால் இறுகுகிற முடிச்சு. பிறகு ஒதுங்கி நின்று, செவலை காதை முன்னால் வைக்கும்வரை காத்திருந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினேன். புழுதி இருந்ததுங்க, அது பொய்யில்லை.

செவலை பாய்ந்த வேகத்தில் சேணம் சரிந்து, அவன் அதன் வயிற்றுக்கடியில் தொங்கினான். கல்லுக்கால் வேலிவரை இழுத்துக்கொண்டு போயிற்று. இரும்பு கல்லில் படுகிற சத்தம் பாத்திரக் கடையில் கேட்பது மாதிரிதான் இருந்தது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், நடிப்பென்று. அப்புறம் செவலை நின்று வேலியோரம் புல் மேய்ந்தது. கேரவன் கதவைத் திறந்துகொண்டு வம்சி எட்டிப் பார்த்தான், கையில் ஜூஸ்.

சாவு வீட்டுக்கு அவனும் வந்தான். அழுதுகொண்டே என் கையைப் பிடித்தான். அதே ஈரம். அங்கேயே வாந்தியெடுத்தேன். செங்கோடன் சம்சாரம் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் துக்கத்தில் எடுத்தேன் என்று அவளுக்கு நினைப்பு.

உள்ளே வம்சி என்று நினைத்துத்தானே செய்தீர்கள் என்கிறீர்கள். நல்ல மனசுங்க உங்களுக்கு. வக்கீலும் அதையே சொல்லச் சொன்னார், ஆள் மாறிப்போச்சு என்று. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், இதை மட்டும் அப்படி எழுத வேண்டாம். ஏறும்போது என் தோளில் வைத்த கை காய்த்திருந்தது, சுண்டுவிரல் கோணல். வைத்தவுடனே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் முடிச்சுப் போட்டேன். பேசி முடித்த வியாபாரத்தைக் கடைசியில் கலைக்கிறவன் தரகனே இல்லை.

செங்கோடன் என்று தெரிந்தே செய்தேன் என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள் மேடம். கை தெரியாமல் வெள்ளியங்கிரி ஏமாந்துவிட்டான் என்று அந்தியூரில் ஒருத்தன் பேசிவிடக் கூடாது.