மனுவில் கேட்ட பெஞ்சு

முத்தையாபுரத்திலிருந்து டவுனுக்குப் போகும் காலை பஸ். முன் சீட்டில் நகராட்சிக் காக்கிச் சட்டையில் இருவர்; தெருக் கூட்டுகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. இளையவனின் இடது காது வீங்கியிருந்தது.

“நம்மளயும் பெஞ்சுல உக்காரவச்சுதான் விசாரிக்கணும்னு மனுவுல எழுதியாச்சு, அண்ணாச்சி.”

“போலீசு ஸ்டேசன்லயா?”

“ஆமா. எவன் வீட்டுல செம்புக்குடம் காணாமப் போனாலும் அந்தத் தெருவக் கூட்டுதவனத்தான பிடிக்கான். என்ன சாதின்னு கேக்கான், தரையில குத்தவைக்கச் சொல்லுதான், பொறவு அடிக்கான். இனிமே அது கூடாதுன்னு எழுதியிருக்கு.”

“யாரு யாரு கையெழுத்துப் போட்டிருக்கா?”

“நம்ம நகராட்சி ஆபீசு மொத்தமும். கிளார்க்கு, பில் கலெக்டரு, ஓவர்சியரு, ஒருத்தர் பாக்கியில்ல. எனக்காவப் போட்டிருக்காவ, அண்ணாச்சி.”

பெரியவர் சன்னலுக்கு வெளியே உப்பளத்திலிருந்து பார்வையைத் திருப்பினார்.

“நீயும் போட்டியால?”

“போடாம? ஆபீசுல வச்சுதான் போட்டேன்.”

“நின்னுக்கிட்டா, உக்காந்தா?”

“உக்காந்துதான்.”

“எதுல?”

இளையவன் காதைத் தடவிக்கொண்டான்.

“வராந்தாவுல. தரையில குத்தவச்சு.”