பலகையை மூடிய கொடி

செடி வளர்ப்பதில் எனக்கு எப்போதுமே கைராசி உண்டு, ஐயா. பட்டுப்போன குச்சியை நட்டாலும் என் கையில் துளிர்க்கும் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். இப்போது தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இன்று கேட்டால் அப்படிச் சொல்வாளா, தெரியாது.

நீங்கள் முதலில் கேட்டது கொடியைப் பற்றி. அதிலிருந்தே தொடங்குகிறேன். பூ விடாத வகை அது. உள்ளங்கை அகலத்துக்கு இலை மட்டும் விடும். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் பக்கத்துச் சந்துக்கும் நடுவே ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. அதன் தலையில் ஒரு பலகை: ‘தீயணைப்பு வண்டி செல்லும் வழி. இங்கே வண்டி நிறுத்தக் கூடாது.’ கம்பத்தின் அடியில் நான் ஒரு தொட்டி வைத்தேன். தொட்டியில் கொடியை நட்டேன். கடை திறந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றினேன். கொடி ஏறியது. ஏறுவது கொடியின் இயல்பு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது குற்றம் என்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் நட்டேன்.

ஆனால் கொடிக்கும் முன்பாக ஓர் அநீதி நடந்தது. அதை எழுதாமல் விட்டால் உங்கள் அறிக்கை ஒற்றைக்கண் அறிக்கையாகிவிடும்.

என் மாமனாரைக் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டோடு அழைத்து வந்தேன். கடை வாசலில், நிறுத்தலாம் என்று கோடு போட்ட இடத்தில்தான் காரை நிறுத்தினேன். பெரியவரைக் கைத்தாங்கலாகப் படியேற்றிவிட்டுத் திரும்புவதற்குள் கண்ணாடித் துடைப்பானில் அபராதச் சீட்டு செருகப்பட்டிருந்தது. எழுதிய நகராட்சி ஊழியன் பக்கத்திலேயே நின்றான். எங்கள் தெருவில் அவனுக்கு மஞ்சள் சட்டை என்று பெயர்.

“சக்கரம் கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே தம்பி நிக்குது?”

“எழுதியாச்சு சார். எழுதினதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல.”

“எழுத மட்டும் அதிகாரம் இருக்கா?”

“அதுவும் மேல இருந்து வர்றதுதான் சார். சாயங்காலத்துக்குள்ள இந்தச் சீட்டுக் கட்டு தீரலைன்னா எனக்குத்தான் திட்டு.”

கேட்டீர்களா, ஐயா? குற்றம் நடந்ததால் சீட்டு எழுதப்படவில்லை; சீட்டு இருந்ததால் குற்றம் தேடப்பட்டது. கட்டு தீர வேண்டும், அதற்காக ஒரு குடிமகன் குற்றவாளியாக வேண்டும். பெரும்பாலோர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறார்கள். அந்த முணுமுணுப்பின் மேல்தான் உலகத்து அநீதிகள் எல்லாம் கூரை போட்டுக்கொண்டு குடியிருக்கின்றன. நான் முணுமுணுக்கவில்லை. மேல்முறையீடு செய்தேன்.

விசாரணை அறையில் நான் தொழிலைத் துணைக்கு அழைத்தேன். கண் பரிசோதனைக்கு மாட்டும் எழுத்து அட்டையைக் கொண்டுபோய்ச் சுவரில் தொங்கவிட்டேன். இவ்வளவு தூரத்தில், இந்த வெளிச்சத்தில், நல்ல கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று விளக்கினேன். மஞ்சள் சட்டை சீட்டு எழுதிய எதிர்ப்புற நடைபாதையிலிருந்து சக்கரத்தையும் கோட்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது என்று நிறுவினேன். விசாரணை அதிகாரி தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அபராதத்தை ரத்து செய்தார்.

அன்று தெருவே திரண்டது. பேக்கரிக்காரர் என்னை மாவு மூட்டைமேல் உட்கார வைத்து, “இவர்தாம்பா சீட்டுக்கிழி அண்ணன். இனிமே மஞ்சள் சட்டையெல்லாம் வெள்ளைக் கொடிதான்” என்றார். சிரித்தோம். மறுநாளிலிருந்து சீட்டும் கையுமாக ஆட்கள் வந்தார்கள். கண்ணாடி வாங்க வந்தவர்களைவிட அவர்களே அதிகம். நான் யாரிடமும் கூலி வாங்கியதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோடு தேய்ந்த தெருக்கள், விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்த பலகைகள் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன், வென்றேன். கண்ணுக்குத் தெரியாத பலகை பலகையே அல்ல என்பது என் வாதம். அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ ஏழைகளின் தலை நிமிர்ந்தது.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. வெற்றியின் சிக்கல். நகராட்சி விழித்துக்கொண்டது. கோடுகளுக்குப் புதுச் சாயம் பூசினார்கள்; பலகைகளை இடம் மாற்றினார்கள்; மஞ்சள் சட்டையும் அளந்து பார்த்துச் சரியாக எழுதத் தொடங்கினான். தப்பான சீட்டு வருவது நின்றது. என் கடைக்கு மறுபடியும் கண்ணாடி வாங்குகிறவர்கள் மட்டும் வந்தார்கள். பேக்கரிக்காரர் வணக்கம் சொல்வதை விட்டுத் தலையை மட்டும் ஆட்ட ஆரம்பித்தார்.

ஐயா, வாளைச் சுவரில் மாட்டினால் அது துருப்பிடிக்கும். உரிமையும் அப்படித்தான். பயன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் தொட்டி வாங்கினேன்.

இலைகள் பலகையின் கடைசி எழுத்தையும் மூடிய பிறகு, சந்தின் வாயில் காரை நிறுத்தினேன். மஞ்சள் சட்டை வந்தான். காரைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான், கடைக்குள் இருந்த என்னைப் பார்த்தான். சீட்டு எழுதிச் செருகிவிட்டுப் போனான். நான் மேல்முறையீடு செய்தேன்.

அடுத்த விடுமுறை நாளில் அவன் சாதாரணச் சட்டையில், கையில் ஒரு தையல் கத்தரிக்கோலோடு வந்தான்.

“சார், உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. முதல் சீட்டு நான் எழுதினது தப்பு. அதை ஒத்துக்கறேன். நீங்க வேணும்னா அதுக்கு என்னை நாலு வார்த்தை திட்டிக்குங்க. இந்தக் கொடியை மட்டும் வெட்டிடறேன்.”

“ஏம்பா, உன் கண்ணை உறுத்துதா?”

“சந்துக்கு வேற வாய் கிடையாது சார். கடைசி வீட்டு மாடியில எங்க அக்கா குடியிருக்கு. கீழே மெத்தை தைக்கிற கூடம். எல்லாம் பஞ்சு. அக்காவுக்குக் கால் வேற சரியில்ல. ஏதாவது ஒண்ணுன்னா ஏணி வண்டி வரணும்ல?”

“தாராளமா வெட்டு” என்றேன்.

அவன் நன்றி சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைத் தூக்கினான். அந்தக் கணத்தில் நான் கைப்பேசியில் படம் எடுத்தேன். ஓர் இலைகூட வெட்டாமல் திரும்பிப் போனான். வழக்கு நடக்கும்போது சாட்சியத்தை அழிக்க வந்த ஊழியர், அதுவும் சொந்த அக்காவுக்காக. படத்தை மேலிடத்துக்கு அனுப்பினேன். அவனை வேறு பகுதிக்குத் தூக்கிப் போட்டார்கள். அவனுக்குப் பதிலாக எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. சீட்டுக்கிழி அண்ணன் இருக்கும் தெரு என்றால் எல்லோருக்கும் தயக்கம். பேக்கரிக்காரர் மறுபடியும் வணக்கம் சொன்னார்.

அவனுடைய அக்காவை எனக்குத் தெரியும். தையல்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, எதிரில் வருகிற ஆளும் தெரியவில்லை என்று என் கடைக்கு வந்தவர். கிட்டப் பார்வைக்கும் எட்டப் பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாக நான்தான் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். அட்டையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தார். பிறகு வாசலில் நின்று தெருவைப் பார்த்துச் சிரித்தார்.

“கண்ணாடி அண்ணே, எதிர்க் கடை பொம்மை மேல இருக்கற தூசிகூடத் தெரியுது. இவ்வளவு தெரிஞ்சா அப்புறம் யாரையும் மன்னிக்க முடியாது போலிருக்கே.”

தம்பியை மாற்றிய பிறகும் அவர் என்னோடு சண்டைக்கு வரவில்லை. தெருவில் பார்த்தால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு முறை நன்றாகப் பார்ப்பார், போய்விடுவார். அவ்வளவுதான்.

என் மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி இந்த முறை கவனமாக இருந்தார். நேரில் வந்து பார்க்கிறேன், காரும் பலகையும் இருந்தபடியே இருக்கட்டும் என்றார். ‘இருந்தபடியே’ என்று அவர் சொன்னதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், ஐயா. ஒரு அதிகாரியின் வாய்மொழி. சட்டத்தை மதிக்கிற எவனும் அந்தச் சொல்லைக் காற்றில் விடமாட்டான். நான் ஸ்டீயரிங்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பூட்டினேன். கை பிரேக்கை இழுத்து வைத்தேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சந்துக்குள் போய்க்கொண்டிருந்த தையல்காரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதையும் பார்த்தார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் பிற்பகலில் மெத்தைக் கூடத்தில் தீப்பிடித்தது.

முதலில் வாடை வந்தது, பிறகு புகை, பிறகு ஆட்கள் ஓடிவந்தார்கள். கூடத்து வேலைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். மாடிப்படியில் தீ ஏறிவிட்டது என்று ஒருவன் சொன்னான். தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்தது; அந்தத் துறையைக் குறை சொல்ல மாட்டேன். ஏணி வண்டி சந்தின் வாயில் வந்து, என் காரின் முன்னால் நின்றது.

“யார் வண்டி இது? சாவி யார்கிட்ட இருக்கு?”

பேக்கரிக்காரர் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, உங்க வண்டிதானே? எடுங்கண்ணே.”

“இருப்பா. சாவியத் தேடறோம்” என்றேன்.

என் மனைவி மேசை இழுப்பறையைக் கொட்டிக் கவிழ்த்தாள். “எங்கங்க வச்சீங்க? எங்க வச்சீங்க?” என்று கேட்டுக்கொண்டே கண்ணாடிச் சட்டங்களையெல்லாம் தரையில் தள்ளினாள். உள் அலமாரியில் பார் என்று சொன்னேன். அவள் உள்ளே ஓடினாள். நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கலைப்பதற்கு முன்னால் காரையும் கொடி மூடிய பலகையையும் ஒரே சட்டத்துக்குள் படம் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அது அவசியம் என்று உங்களுக்குப் புரியும். நீங்களும் சாட்சியங்களோடு வாழ்கிறவர்தானே.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். இதுதான். அத்தனை பேர் முன்னிலையில் நானே வந்து காரை எடுத்தால், அது நிற்கக் கூடாத இடத்தில் நின்றது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும். இந்த ஒரு வழக்கு மட்டுமல்ல, இதுவரை வென்ற ஒவ்வொரு வழக்கும் செத்துப்போகும். என்னை நம்பித் தலை நிமிர்ந்த அத்தனை பேரும் மறுபடி குனிவார்கள். ஒரு கொள்கையை ஒருவர் உயிரோடு வைத்து எடைபோடக் கூடாது என்று மேடையில் ஏறி யார் வேண்டுமானாலும் பேசலாம். நான் நின்ற இடம் மேடை அல்ல.

அவர்கள் கார்க் கண்ணாடியை உடைத்தார்கள். பிரேக்கை விடுவித்தார்கள். ஸ்டீயரிங் பூட்டியிருந்ததால் கார் சுவரில் முட்டி முட்டி நின்றது. தீயணைப்பு வீரர்களில் சிலர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினார்கள். ஏணி ஓட முடியாது. கடைசியில் ஏணி வண்டியாலேயே காரை நசுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே போனபோது சன்னலில் யாரும் இல்லை.

அன்று இரவுதான் என் மனைவி என் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையைத் தொட்டுப் பார்த்தாள். சாவியை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தாள். துணிமணிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். உங்களிடம் வந்து சொன்னவள் அவள்தான் என்பது எனக்குத் தெரியும். கோபம் இல்லை. உண்மையைச் சொல்வது அவள் உரிமை.

விசாரணை அதிகாரி மறுநாள் வரவே இல்லை. வழக்கு நிலுவையில் கிடக்கிறது. யாரோ கொடியை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். மஞ்சள் சட்டையாகத்தான் இருக்க வேண்டும். புகார் கொடுக்கலாமா என்று நினைத்தேன். துக்க வீடு என்பதால் விட்டுவிட்டேன். மனிதாபிமானம் எனக்கும் உண்டு.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். கொடியை நட்டவன் நான். பலகையை மறைக்கத்தான் நட்டேன். சாவி என் பையில் இருந்தது. இருந்தது எனக்குத் தெரியும். மனைவியை உள்ளே அனுப்பியது தேடுவதற்கு அல்ல. காரை எடுத்திருந்தால் ஏணி போயிருக்கும்; ஏணி போயிருந்தால் தையல்காரம்மா இறங்கியிருப்பார். இதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் கடைசியாக நீங்கள் கேட்ட கேள்வியை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அவர் சன்னலில் நின்று என்னைப் பார்த்தாரா என்றால், பார்த்திருக்க முடியாது. நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் சந்தின் கடைசியில், மாடியில். நடுவில் புகை. வெயில் அவருக்கு நேர் எதிரே. அவ்வளவு தூரத்தில், அந்த வெளிச்சத்தில் எந்தக் கண்ணுக்கும் ஓர் ஆளின் முகம் பிடிபடாது. எழுத்து அட்டையைக் கொண்டுவந்து இந்தச் சுவரிலேயே நிரூபிக்கிறேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டது உண்மை. புகையில் யாரும் செய்வதுதான். சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “கண்ணாடி அண்ணே, சாவி பையில இருக்கு” என்று கத்தியதும் உண்மை. பேக்கரிக்காரர் காதிலும் விழுந்தது; பையில் இல்லை என்றேன்.

எங்கள் தெருவில் கண்ணாடிக் கடை என்னுடையது ஒன்றுதான். இருந்தாலும் ஐயா, அவர் வேறு யாரையோ கூப்பிட்டார்.