மூலைக்கு அடியில் ஒரு மயிரிழை

மோதிரம் வாங்க வருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். பசியோடு வந்தால் கண்ணில் பட்ட முதல் கல்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என் தம்பியும் அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் அப்படித்தான் வந்தார்கள், அவள் வேலை பார்க்கும் பேக்கரியில் இருந்து நேராக, அவள் முழங்கை வரை மாவோடு. உங்களுக்குத் தெரியாததா, மேனேஜர் சார். இந்தக் கடையில் எத்தனை ஜோடிகளைப் பார்த்திருப்பீர்கள்.

அவள் முதலில் எடுத்தது வட்டக் கல்.

"இது நல்லாருக்கு, அக்கா. மாவு பிசையறப்போ எங்கயும் மாட்டாது."

"வட்டம் எல்லாரும் போடறதுதான். இந்தச் சதுரத்தப் போட்டுப் பாரு," என்றேன்.

"மூலை குத்தாதா?"

"நாத்தனார் நானே குத்தல. கல்லு குத்திடுமா?"

சிரித்துவிட்டாள். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் தம்பி. கிரேன் ஓட்டுகிறவன். இரும்புத் தூணைப் பத்தாவது மாடியில் நூல் பிசகாமல் இறக்குவான், ஒரு மோதிரம் எடுக்கத் தெரியாது. சதுரத்தையே எடுத்தார்கள். கல்லை நானே பதித்துத் தருகிறேன் என்றேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மாவு ஒட்டியது. துடைத்துக்கொண்டேன்.

நான் கல்குவாரியில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் ஒரே பாறைச் சரிவில் சிக்கிச் செத்துப்போனபோது எனக்குப் பதினாலு வயது, அவனுக்கு நாலு. ஜல்லி உடைத்துத்தான் அவனை ஆளாக்கினேன். இதைச் சொல்லி அழப் போவதில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன். எந்தக் கல்லுக்கும் தட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது தெரியாதவன் நாள் முழுக்க ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருப்பான். தெரிந்தவள் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடுவாள்.

சதுர வைரத்துக்கு அந்த இடம் மூலை. அதனால்தான் பதிக்கும்போது ஒவ்வொரு மூலைக்கு அடியிலும் தங்கத்தை மயிரிழை அளவு சுரண்டிவிடுவோம். மூலை எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். சுரண்டாமல் விட்டாலும் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, இன்னும் கச்சிதமாகக்கூட இருக்கும். எங்காவது ஓர் இடி படும் வரைக்கும்.

நான் சுரண்டவில்லை.

மறந்துவிட்டாயா என்று கேட்டீர்கள். பத்தொன்பது வருடமாக இதே மேசையில் கல் பதிக்கிறேன். மறந்தாள் என்று எழுதினால் என் வேலைக்குக் கெட்ட பெயர். வேண்டுமென்றே விட்டாள் என்று எழுதுங்கள். ஒரு மூலையா என்றீர்கள். நாலும்தான். ஒன்றை மட்டும் விட்டு, அவள் இன்னொரு பக்கமாக இடித்துக்கொண்டால் என்ன செய்வது.

இதைச் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலில் கிடக்கிற கல்லைக் காப்பாற்றத் தெரியாதவள் என் தம்பியை எப்படிக் காப்பாற்றுவாள்? அவனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. சாக்ஸ் எங்கே, சட்டை எங்கே என்று காலையில் என்னைத்தான் கூப்பிடுகிறான். முப்பத்தெட்டு வயதுதான் ஆகிறது, சின்னப் பையன்.

பதினோராவது நாள் பேக்கரி அடுப்பின் கதவில் இடித்துக்கொண்டாள். ஒரு மாதமாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். உழைக்கிற பெண், அதை மறுக்க மாட்டேன். தெறித்த துண்டைத் தரையில் தேடிப் பொறுக்கி, காகிதத்தில் மடித்து எங்கள் வீட்டுக்கே கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க பார்த்துப் பார்த்துப் பண்ணினதப் பாழாக்கிட்டேன். நான் ஒரு தடிமாடு."

நான் திட்டவில்லை. காபி கொடுத்தேன். பிறகு தம்பியிடம் மெதுவாக, ஆனால் அவள் காதிலும் விழும்படி, "விடுடா. சில பேர் கைவாகு அப்படி. பாவம், அவ என்ன பண்ணுவா," என்றேன்.

அவள் மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. அவன் தலையைக் குனிந்துகொண்டு "அக்கா சொல்றது சரிதான்" என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. "கல்லு போனா மயிராச்சு. கடையில காட்டிக் கேப்போம், வா," என்று அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என்னைக் கேட்காமல் ஒரு காரியம். நேராக உங்களிடம் வந்தார்கள். நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்த்தீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுக்கு நிச்சயமாகி இருந்த தையல்காரப் பெண்ணின் மோதிரமா? அதுவும் நான்தான். தன் கைதான் முரடு என்று நம்பி வேறு ஊருக்கே போய்விட்டாள் பாவம். நல்ல பெண், தையல் அவ்வளவு சுத்தமாக இருக்கும். மற்றபடி, வேறு யார் வீட்டுக் கல்லிலும் நான் இப்படிச் செய்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்களிடம் சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறான், இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறான். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருக்கிறான், காலர் ஒரு பக்கம் ஏறிக்கொண்டு நிற்கிறது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள், கவனித்தாளா பாருங்கள். இதைத்தான் நான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நிமிடம் விடுங்கள், சார். அந்தப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு வந்து நீங்கள் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.