சின்னக்கருப்பன் மீது மின்தடி இரண்டாம் முறை வைக்கப்பட்டது பற்றி

என் பெயர் பழனியப்பன். தந்தை பெயர் இராமையா. வயது ஐம்பது. ரிங்லெட் ஊருக்கு மேலே மலையிலுள்ள செம்பாறைத் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராகப் பணிபுரிந்து, அத்தோட்டத்துக் குடியிருப்பிலேயே வசிக்கிறேன். இறந்துபோன சின்னக்கருப்பனையும் அவர் மனைவி சந்திரமதியையும் நன்கு அறிவேன். காவல் துறையினர் எவரோடும் எனக்குப் பகை கிடையாது. மரண விசாரணை நீதிமன்றத்தின் முன் உறுதிமொழி எடுத்துத் தமிழில் கூறுகிறேன்.

1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் நண்பகலில், ஊர்வலம் தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் முதலுதவிப் பெட்டியுடன் நின்றிருந்தேன். சின்னக்கருப்பன் அருள் வந்து, கையில் அருவாளுடன் முன்னால் ஆடிவந்தார். அருள் வந்தவரைப் பூசாரி திருநீறு இடும்வரை எவரும் தொடுவதில்லை. உடல் மிகவும் நடுங்கினால் மஞ்சள் நீர் ஊற்றுவது எங்கள் வழக்கம்.

காய்கறி லோரிகள் வரிசையாக நின்றுவிட்டபடியால், பாதுகாப்புக்கு வந்திருந்த காவலர் இருவரில் ஒருவர், அருவாளைக் கீழே போடும்படி மலாயில் கட்டளையிட்டார். அவர் கையில், தொட்டால் மின்னதிர்ச்சி தரும், அவ்வாண்டு காவலருக்குச் சோதனையாக வழங்கப்பட்ட மின்தடி இருந்தது. தோட்டத்தார் அதைக் கரண்டுக் கம்பு என்பார்கள். உறுமி அடித்துவந்த முனியாண்டி, “சாமிக்கு மலாய் தெரியாது லா சார். சபார், சபார்” என்று பொறுமை காக்கச் சொன்னார். அருகிலிருந்தோர் சிரித்தார்கள். அதன் பிறகு காவலர் மின்தடியைச் சின்னக்கருப்பனின் வலது விலாவில் வைத்தார்.

அவர் சாலையில் விழுந்தார். உடல் வில்லாக வளைந்தது, பற்கள் கிட்டின, வாயில் நுரை வந்தது. அருவாள் கையைவிட்டு நழுவிச் சாலையோரக் கால்வாயில் விழுந்ததைக் கண்டேன். கூட்டத்தில் எவரும் அஞ்சவில்லை. “ஆத்தா முழுசா எறங்கிட்டா, வெலகுங்க” என்று ஒரு பெண் கூறினார். குலவை எழுந்தது, உறுமி வேகம் பிடித்தது. அது அருள் அல்ல, வலிப்பு என்று நான் கத்தியது எவர் காதிலும் விழவில்லை. அதன் பிறகு சந்திரமதி ஒரு குடம் மஞ்சள் நீரைக் கணவர் தலையிலிருந்து மார்புவரை ஊற்றினார்.

நனைந்த நிலையில் சின்னக்கருப்பன் எழ முயன்று காவலரின் காலைப் பற்றினார். அக்கை வெறுங்கை. காவலர் மின்தடியை அவர் மார்பில் அழுத்தினார், எடுக்கவில்லை. முனியாண்டி உறுமியை நிறுத்தினார். அப்போதுதான் மின்தடியின் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நான் கூட்டத்தை விலக்கிச் சென்று நாடி பார்த்தேன். மார்பை அழுத்தினேன். கடிபட்ட நாக்கிலிருந்து இரத்தம் வந்தது, மூச்சு வரவில்லை. “உயிர் இல்லை” என்று நான் கூறியதும் முனியாண்டி பந்தல் கழியால் காவலரை அடித்தார். அடிபட்ட முழங்கையில் எலும்பு வெளியே தெரிந்தது. பிறர் கல்லெறிந்தார்கள், காவலரின் ஒரு காது கிழிந்து தொங்கியது. நான் அவர்மேல் குப்புறப் படுத்துக்கொண்டதால் சில கற்கள் என்மீது பட்டன. அதன் பிறகு மற்றக் காவலரும் நானும் அவரைத் தோட்டத்து வேனில் ஏற்றித் தானா ராத்தா மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

மறுநாள் முதல் அக்கம்பக்கத் தோட்டத்தார் வேலைக்குச் செல்லாமல் ரிங்லெட் சாலையை மறித்தார்கள். ஒரு ஜீப் கொளுத்தப்பட்டது. அதன் பிறகு காவல் உயரதிகாரி ஒருவர் வந்து, மக்கள் பார்க்க எல்லா மின்தடிகளையும் லோரியில் ஏற்றி மலையைவிட்டுக் கீழே அனுப்பினார். அதற்குப்பின் எந்தக் காவலர் கையிலும் அதை நான் காணவில்லை.

சாலை திறந்தபின் இன்ஸ்பெக்டர் திருச்செல்வம் மருந்தகத்துக்கு வந்தார். “அவனுக்கு ஹார்ட் வீக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். சனங்க கோவம் எத்தன நாளைக்கு? கம்பு திரும்பி வந்துரும். இல்லாட்டி அடுத்த திருவிழாவுக்கு எங்க பசங்க துப்பாக்கியத்தான் தூக்கணும்” என்றார். பிறகு ஒருநாள் சந்திரமதி வந்தார். “கம்பு வச்சத சொல்லுங்க டிரஸ்ஸரய்யா. நான் தண்ணி ஊத்துனத மட்டும் விட்டுருங்க. நாளைக்கி என் புள்ளைங்க மொகத்துல எப்படி முழிப்பேன்?” என்றார். இருவருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை.

சின்னக்கருப்பனை ஆண்டுதோறும் பரிசோதித்தவன் நான்; அவர் இருதயத்தில் குறை கண்டதில்லை. உலர்ந்திருந்த விலாவில் மிளகளவு இரண்டு தீப்புண்கள் இருந்தன. நனைந்த மார்பில் என் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து உரிந்திருந்தது. அருவாள் விழுந்தபின், நீர் ஊற்றப்பட்ட உடலில், இரண்டாம் முறை மின்தடி வைக்கப்பட்டதற்குப் பிறகே அவர் மூச்சு நின்றது.

குடத்தைப் பற்றிய பகுதி வாசிக்கப்படும்போது சந்திரமதியை வெளியே அமர்த்தலாமா என்று கேட்டேன். நீதிமன்ற விதியில் இடமில்லை என்று கூறப்பட்டது. அவ்விதியை அறிந்தே கேட்டேன்.

இது முழுவதும் சந்திரமதி முன்னிலையில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் கண்டதும் கூறியதும் இதுவே. எதையும் நீக்கக் கோரவில்லை.

(ஒப்பம்) இரா. பழனியப்பன்