ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை

அக்கா: ...அதை விடு. படிக்கும்போது ஒரு தடவைகூடத் திக்கலையாமே நீ? குருத்வாரா வாசல்ல செருப்பை விடும்போதே உன் பஞ்சாபி மாமனார் என்னைப் பிடிச்சுக்கிட்டார். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்லு!

தம்பி: நீ இ... இப்பதான் வந்தியா?

அக்கா: கோர்ட்டு முடிஞ்சு நேரா வரேன். பேச்சை மாத்தாதே. சரியா ரெண்டு மணிக்கு உட்கார்ந்துட்டியா?

தம்பி: ரெண்டுக்கு. எனக்கு முன்னாடி மாமனார்தான் படிச்சுக்கிட்டிருந்தார். நாப்பத்தெட்டு மணி நேரத்துல கிரந்தப் புத்தகம் முழுக்கப் படிச்சு முடிக்கணும், நடுவுல நிக்கக் கூடாது. அதனால வர்றவன் பக்கத்துல உட்கார்ந்து அதே வரியைக் கூடவே படிப்பான். அப்புறம் முதல் ஆள் எழுந்துடுவார்.

அக்கா: அப்புறம் நீ மட்டும்...

தம்பி: நான் மட்டும். நாலு வரைக்கும்.

அக்கா: கடையில "ஒயர் குடுங்க"ன்னு கேக்கறதுக்கே சீட்டு எழுதிட்டுப் போற எலக்ட்ரீஷியன்!

தம்பி: ச... சிரி, நல்லா சிரி.

அக்கா: சிரிக்கலடா, பூரிச்சுப்போய் நிக்கறேன். சரி, மூணு வருஷமா உன்கிட்ட ஒரே கேள்விதானே கேட்டேன்?

தம்பி: "கிரந்தம் கடவுள்கிட்டேருந்து வந்ததுக்கு ஆதாரம் எங்கே?" என் கல்யாணத்தன்னிக்கே குறுக்கு விசாரணை ஆரம்பிச்சவளாச்சே!

அக்கா: வக்கீல் புத்தி, என்ன பண்ண? நீ மட்டும் டெஸ்டர் வைக்காம ஒயரைத் தொடுவியா?

தம்பி: ஒயரைத் தொடத்தான் டெஸ்டர். லைட்டு எரியற ரூம்ல உட்கார எதுக்குக்கா டெஸ்டர்?

அக்கா: அடேயப்பா, வாய் நீளுது! ஆனா இனிமே சண்டையே வேண்டாம். ஆதாரம் கிடைச்சாச்சு. நீதான்! முப்பது வருஷமாத் திக்குறவன் ரெண்டு மணி நேரம் கடகடன்னு... நான் தோத்தேன், போ!

தம்பி: அ... அது ஆதாரம் இல்லக்கா.

அக்கா: என்னது?

தம்பி: ராகமா இழுத்துப் படிச்சா திக்குறவங்களுக்கு அவ்வளவா திக்காது. டாக்டரே சொன்னார். எதைப் படிச்சாலும் அப்படித்தான்.

அக்கா: பைத்தியமாடா உனக்கு? உன் பக்கம் நானே வந்து வாதாடறேன், நீயே கேஸைக் கெடுக்கறியே!

தம்பி: இதை ஆதாரம்னு வெச்சுக்கிட்டா, நாளைக்கு நான் திக்கினா என்ன சொல்லுவ? கிரந்தம் பொய்னு சொல்லுவியா?

அக்கா: அப்ப வேற எதை வெச்சுடா நம்பற?

தம்பி: அந்தப் பஞ்சாபி எழுத்தைக் கத்துக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. தப்பாப் படிச்சப்போ என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே இடம் அதுதான். எனக்கு அது குரு. குருகிட்டப் போய் அடையாள அட்டை கேக்கத் தோணலை. எங்கேருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும்க்கா. உனக்குக் காட்டத்தான் தெரியாது. இன்னொண்ணு. திக்கவே இல்லைன்னு மாமனார் சந்தோஷத்துல சொல்லிட்டார். ஒ... ஒரு இடத்துல நின்னுட்டேன். மூணரை இருக்கும். வார்த்தை தொண்டையைவிட்டு வரவே இல்லை. மாத்து ஆளா உட்கார்ந்திருந்தவர் எழுந்து கிட்ட வந்துட்டார்.

அக்கா: அப்புறம்?

தம்பி: வேண்டாம்னு தலையை ஆட்டினேன். மூச்சை விட்டேன். வந்துடுச்சுக்கா! அதுக்கப்புறம் ஒரே ஓட்டம், நாலு மணி வரைக்கும்! என் குரல் அந்த ஹால் முழுக்கக் கேட்டுச்சு! நீ ரெண்டு மணிக்கே வந்திருக்கக் கூடாதா?

அக்கா: வந்தேன்டா. இன்னிக்குக் கோர்ட்டுக்கே போகலை. கடைசித் தூணுக்குப் பின்னால முக்காடு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், என்னைப் பார்த்தா உனக்குத் திக்குமேன்னு பயம். நீ முடிச்சதும் வெளியே போய், இப்பதான் வர்ற மாதிரி வந்தேன். நீ நின்னப்போ என் உசுரு என்கிட்ட இல்லை. "இவனை விட்டுடாதே, இவனைக் கைவிட்டுடாதே"ன்னு கெஞ்சினேன்... வேற யார்கிட்ட? உன் முன்னால இருந்த அந்தக் கிரந்தத்துக்கிட்டதான். ஆதாரம் கேக்கணும்னு தோணவே இல்லைடா.